நாகை கடல்ல யாளி மீன் மாட்டுச்சா? கிமேரா மீனப் பத்தி விரிவான பதில்

திருமருகல் பக்கத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வாட்ஸப்ல ஒரு படம் சுத்துது, நீளமான மூக்கு, பச்சையா மின்னுற ரெண்டு பெரிய கண்ணு, எலி வால் மாதிரி ஒல்லியா முடியுற வாலு, அதுக்குக் கீழ "நாகப்பட்டினம் கடலில் யாளி மீன் சிக்கியது, பேய் சுறா மேலே வந்தால் சுனாமி வரும், உடனே பகிரவும்" ன்னு எழுதியிருக்கு. இது நெஜமா, இதுக்கு கிமேரான்னு ஏன் பேரு, கிமேரான்னா கிரேக்கக் கதையில வர்ற ராட்சச மிருகம்ங்குறாங்களே அதுக்கும் நம்ம கோயில் யாளிக்கும் சம்பந்தம் உண்டா. இதுதான் கேள்வி.

நான் பூம்புகார் பக்கம் மீனவர் குடும்பத்துல பொறந்தவன், பரங்கிப்பேட்டையில கடல் உயிரியல் படிச்சேன், அப்புறம் பல வருஷம் மீன் எறங்குதளத்துல கூடைகூடையா மீன எண்ணி நோட்டுல எழுதுறதுதான் என் வேல. அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

மொதல்ல அந்த சுனாமி பேச்ச முடிச்சுடுறேன், ஏன்னா மத்ததெல்லாம் அறியாமைன்னு விட்டுடலாம், இத விட முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுமத்ராவுக்குப் பக்கத்துல கடலுக்கு அடியில 9.1 அளவுல நிலம் நடுங்குச்சு, அந்த அலை நம்ம கரைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அன்னிக்கு நாகை மாவட்டத்துல மட்டும் 6000 பேருக்கு மேல போய்ட்டாங்க. எங்க சித்தப்பா வீட்டுல மூணு பேரு. எந்த மீனும் வந்து முன்கூட்டி சொல்லல, சொல்லியிருக்க வேண்டிய எச்சரிக்கை மையம்தான் அன்னிக்கு இந்தியப் பெருங்கடலுக்கு இல்ல. 2007லேருந்து ஹைதராபாத்ல இன்காய்ஸ்ங்குற மத்திய அரசு கடல் தகவல் நிறுவனத்துல அந்த மையம் இருக்கு, நிலநடுக்கம் ஆன சில நிமிஷத்துலயே கணக்குப் போட்டு தகவல் அனுப்புறாங்க. ஆழ்கடல் மீன் மேல வந்தா நிலநடுக்கம் வரும்ங்குற நம்பிக்கை ஜப்பான்ல ரொம்ப காலமா உண்டு, அங்கயே ஆராய்ச்சியாளருங்க பல வருஷத்துப் பதிவுகள எடுத்து மீன் வந்த தேதியையும் நிலநடுக்கத் தேதியையும் பொருத்திப் பாத்து 2019ல வெளியிட்டாங்க, ரெண்டுக்கும் தொடர்பு இல்லன்னு வந்துச்சு. அதனால அந்த மெசேஜ தயவுசெஞ்சு யாருக்கும் அனுப்பாதீங்க, இன்னும் அல சத்தம் கொஞ்சம் கூடுனாலே தூங்காம உக்காந்திருக்குற அம்மாக்கள் நம்ம குப்பத்துல இருக்காங்க.

இப்ப படத்துக்கு வருவோம். தம்பி அனுப்புன படத்த பெருசாக்கிப் பாத்தேன். மீன் நெஜமான மீன்தான், கிமேராங்குற வகை, கம்ப்யூட்டர்ல செஞ்சது இல்ல. ஆனா பின்னாடி கெடக்குற ப்ளாஸ்டிக் பெட்டியில மலையாள எழுத்து இருக்கு, அதனால படம் நம்ம நாகை துறைமுகம் இல்ல, கேரளாவுல எடுத்ததுன்னுதான் நெனைக்கிறேன். அது பொருத்தமாவும் இருக்கு, ஏன்னா கொச்சி துறைமுகத்துல இந்த வகை மீன் ஆழ்கடல் போட்டுங்க வழியா எறங்குறது ஆராய்ச்சியாளருங்க பதிவு பண்ண விஷயம். நீட்டுன மூக்கு, வயித்துக்கு அடியில வாலுக்கு முன்னாடி தனியா அருவா மாதிரி வளைஞ்ச ஒரு சின்ன துடுப்பு, இத ரெண்டையும் வெச்சுப் பாத்தா அது கிமேராவுல நியோஹாரியோட்டாங்குற பேரினம், அரபிக்கடல்ல இருக்குறது. நாகையில மாட்டவே மாட்டாதுன்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா நம்ம விசைப்படகு இழுவலை போறது பெரும்பாலும் கரையோரத் திட்டு மேல, இந்த மீனோட குடும்பம் இருக்குறது அந்தத் திட்டு முடிஞ்சு கடல் சரசரன்னு எறங்குற எடத்துக்குக் கீழ, 200 மீட்டருக்கு அப்பால, சிலது 2000 மீட்டருக்கும் கீழ. வெயிலே போகாத எடம் அது.

உலகத்துல இந்த மீன்ல 50க்கும் மேல இனம் இருக்கு, மூணு குடும்பமா பிரிப்பாங்க. ஒண்ணு மழுங்கின மூக்கு உள்ளது, ஒண்ணு இந்தப் படத்துல இருக்குற மாதிரி ஈட்டி மூக்கு, இன்னொண்ணுக்கு மூக்கு நுனி தும்பிக்கை மாதிரி கீழ மடிஞ்சு தொங்கும், அத யானை மீன்னே கூப்பிடுறாங்க, அந்த யானை மீனுக்கு அப்புறம் வர்றேன்.

பேய் சுறாங்குறது வெள்ளக்காரங்க வெச்ச பட்டப்பேரு. சுறாவான்னு கேட்டா, தூரத்து சொந்தம்னு சொல்லலாம். சுறா, திருக்கை, இது மூணுக்குமே எலும்பு கெடையாது, குருத்தெலும்புதான். ஆனா கிட்டத்தட்ட 40 கோடி வருஷத்துக்கு முன்னாடியே இது சுறா, திருக்கை வழிய விட்டு தனியா பிரிஞ்சு வந்துடுச்சு. வித்தியாசம் கண்ணாலயே தெரியும். சுறாவ எடுத்துப் பாத்தா செவுளு அஞ்சு கீத்தா கிழிச்ச மாதிரி வெளிய தெரியும்ல, இதுக்கு ஒரே ஒரு தொறப்பு, அது மேல ஒரு மூடி, வஞ்சிரத்துக்கோ கெண்டைக்கோ இருக்குற மாதிரி. சுறா தோல கையால எதிர்ப்பக்கமா தடவுனா உப்புத்தாள் மாதிரி அறுக்கும், இது தோலு வழவழன்னு இருக்கும், செதிலே இல்ல. சுறா வாலால ஒதைச்சு நீந்தும், இது முன்னாடி இருக்குற ரெண்டு பெரிய துடுப்ப ரெக்க மாதிரி மெதுவா அடிச்சுக்கிட்டு பறக்குற கணக்கா போகும், வாலு சும்மா பின்னால வரும், சாவாளை வாலு மாதிரி போகப்போக நூலா ஆயிடும். இருட்டுல நீர்மூழ்கி ரோபோ விளக்குல அப்படி ஒண்ணு வெள்ளையா கண்ணு மட்டும் மின்ன கடந்து போனா பாக்குறவங்களுக்கு பேய்னுதான் தோணும், அதுல தப்பு சொல்ல முடியாது. கண்ணு மின்னுறதுக்குக் காரணம் பூனைக்கும் மாட்டுக்கும் இருக்குற அதே காரணம்தான், விழித்திரைக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம், கெடைக்குற துளி வெளிச்சத்த ரெண்டாவது தடவ பயன்படுத்திக்கும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது அதோட பல்லு. சுறாவுக்கு பல்லு விழ விழ வரிசையா புதுசு வந்துக்கிட்டே இருக்கும். இதுக்கு அப்படி இல்ல, மேல ரெண்டு ஜோடி, கீழ ஒரு ஜோடி, மொத்தம் ஆறே ஆறு தகடு, வாழ்நாள் பூரா வளந்துக்கிட்டே தேஞ்சுக்கிட்டே இருக்கும். மேல்தாடை தனியா அசையாது, மண்டையோடயே ஒட்டிப்போயிருக்கும், அதனால கடி பலமா எறங்கும். அம்மியும் குழவியும் மாதிரின்னு வெச்சுக்குங்க, நண்டு, மட்டி, கடல் முள்ளெலி எது கெடைச்சாலும் ஓட்டோட நொறுக்கி அரைச்சு முழுங்கிடும். இவ்ளோ அரைக்கிற மீனுக்கு வயித்துக்குள்ள இரைப்பையே கெடையாது, தின்னது நேரா குடலுக்குப் போயிடும், இரைப்பைக்கு அமிலம் சுரக்க வேண்டிய ஜீன்கூட இதுக்கு தொலஞ்சுபோச்சு. முன்பக்கம் அந்தத் தகடு ரெண்டு மூணு துருத்திக்கிட்டு நிக்குறதால முயல் பல்லு மாதிரி தெரியும், அதனால ஐரோப்பாவுல முயல் மீன்னு ஒரு பேரு, கிமேராவுல ஒரு வகைக்கு வெச்ச ஹைட்ரோலாகஸ்ங்குற பேருக்கு அர்த்தமே தண்ணி முயல். நீங்க முயல் மீன்னு இங்கிலீஷ்ல தேடுனா நம்ம ஊரு ஓரா மீன் படம்தான் மொதல்ல வரும், அது வேற இது வேற, குழப்பிக்காதீங்க.

மண்டை மேலயும் மூஞ்சிலயும் கோடுகோடா ஓடுறத பாத்திருப்பீங்க, தோல் துண்டுங்கள சேத்து ஊசி நூலால தைச்ச மாதிரி இருக்கும். அது தண்ணியில நடக்குற அசைவ உணருற வாய்க்கால். மத்த மீனுக்கு இது தோலுக்கு அடியில மூடி இருக்கும், இதுங்கள்ல நெறய இனத்துக்கு மேல தொறந்து பள்ளமாவே இருக்கு. அதுபோக மூக்கு பூரா சின்னச் சின்ன துளை, மண்ணுக்குள்ள ஒளிஞ்சிருக்குற நண்டோட ஒடம்புலேருந்து வர்ற மெல்லிசான மின்சாரத்தக்கூட அதுல கண்டுபிடிச்சுடும். மூக்கு அவ்ளோ நீளமா இருக்குறது அழகுக்கு இல்ல, இருட்டுல கையால தடவித் தேடுறமே அந்த மாதிரி.

ஆண் மீனுக்கு நெத்தியில ஒரு சின்ன கொக்கி இருக்கும், மடக்கி ஒரு பள்ளத்துல வெச்சுக்கும், ஜோடி சேரும்போது வெளிய எடுத்து பொண்ணோட துடுப்ப புடிச்சுக்கும். அந்தக் கொக்கியில முள்ளுமுள்ளா இருக்குறது சும்மா தோல் முள்ளுன்னு நெனைச்சுக்கிட்டிருந்தாங்க, 2025ல அமெரிக்காவுல புள்ளி கிமேராவ வெச்சு பண்ண ஆராய்ச்சியில அது அசல் பல்லுன்னு காட்டிட்டாங்க, வாய்க்குள்ள பல்லு மொளைக்கிற அதே திசு நெத்தியிலயும் இருக்கு, வரிசையா மொளைக்குது. பல்லுன்னா வாய்க்குள்ளதான்னு நாம நெனைச்சதையே இந்த மீன் மாத்திடுச்சு, அந்தக் கட்டுரைய படிச்ச அன்னிக்கு நான் ரெண்டு பேருக்கு போன் பண்ணி சொன்னேன்.

சரி, பேரு. பழைய கிரேக்க மொழியில கிமைராங்குறதுக்கு நேரடி அர்த்தம் வெறும் பொட்ட ஆட்டுக்குட்டி. ஹோமர்ங்குற கிரேக்கக் கவிஞரோட இலியட் காவியத்துல ஆறாவது பாகத்துல அந்த மிருகம் வருது, முன்னாடி சிங்கம், பின்னாடி பாம்பு, நடுவுல ஆடு, வாயிலேருந்து நெருப்பு கக்கும். அதுக்கப்புறம் வந்த ஹெசியட்ங்குற கவிஞர் மூணுக்கும் மூணு தலை குடுத்துட்டாரு. லைக்கியாங்குற நாட்டுல அது அட்டகாசம் பண்ண, பெல்லெரோஃபோன்னு ஒரு வீரன சாகட்டும்னுதான் அது மேல அனுப்புறாங்க, அவன் பெகாசஸ்ங்குற பறக்குற குதிரையில ஏறிப் போயி கொன்னுடுறான். பிற்காலத்துல இன்னொரு விவரமும் சேந்துச்சு, ஈட்டி நுனியில ஈயத்த வெச்சு அது வாய்க்குள்ள குத்துனான், அது கக்குன நெருப்புலயே ஈயம் உருகி உள்ள எறங்கி செத்துச்சுன்னு. லைக்கியாங்குறது இன்னிக்கு துருக்கியோட தென்கரை. அங்க அன்டால்யா மாகாணத்துல யானார்தாஷ்னு ஒரு மலைச்சரிவு, பேருக்கு அர்த்தம் எரியுற கல், பாறை வெடிப்புலேருந்து மீத்தேன் வாயு கசிஞ்சு ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல அணையாம எரிஞ்சுக்கிட்டு இருக்கு. நெருப்பு கக்குற மிருகம் அந்த மலையிலதான் பொறந்துச்சுன்னு பழைய காலத்துலயே எழுதியிருக்காங்க. மீத்தேன்னாலே வயலப் பத்தி பயந்து போராடுன நம்ம டெல்டாக்காரங்களுக்கு அந்த எரியுற கல்ல கற்பனை பண்ணிப் பாக்க கஷ்டமே இல்ல.

இத்தாலியில அரெட்சோங்குற ஊருல 1553ல மண்ணத் தோண்டும்போது வெண்கலத்துல ஒரு கிமேரா கெடைச்சுச்சு, ரோமானியருக்கு முன்னாடி அங்க வாழ்ந்த எட்ருஸ்கன் மக்கள் கிட்டத்தட்ட 2400 வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது, இப்ப ஃப்ளாரன்ஸ் மியூசியத்துல இருக்கு. சிங்கம் அடிபட்டு பதுங்கி கர்ஜிக்குது, முதுகுலேருந்து ஆட்டுத்தலை எட்டிப் பாக்குது. அதுவும் மெழுகு வார்ப்புதான், சுவாமிமலை ஸ்தபதிங்க இன்னிக்கும் மெழுகுல உரு புடிச்சு களிமண் பூசி உருக்குன உலோகத்த ஊத்துறாங்களே அந்த முறை. படத்த தேடிப் பாருங்க, முன்னங்கால்ல தெய்வத்துக்குக் காணிக்கைன்னு எழுத்துகூட வெட்டியிருக்கும்.

1758ல ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் உலகத்து உயிருக்கெல்லாம் ரெண்டு ரெண்டு பேரா வெச்சுக்கிட்டு வரும்போது வட அட்லாண்டிக்ல கெடைக்குற இந்த மீனுக்கு கிமேரா மான்ஸ்ட்ரோசான்னு பேரு வெச்சாரு. மான்ஸ்ட்ரோசான்னா விகாரமானது, ராட்சசத்தனமானது. முயல் பல்லு, எலி வாலு, பூனைக் கண்ணு, சுறா மாதிரி குருத்தெலும்பு, சாதா மீன் மாதிரி செவுள்மூடி, எல்லாத்தையும் ஒட்டுப்போட்ட மாதிரி தெரிஞ்சதால கலப்பு மிருகத்தோட பேரு. இன்னிக்கு மருத்துவத்துலயும் ரெண்டு வேற வேற உயிரோட செல்லு ஒரே ஒடம்புல இருந்தா கிமேரான்னுதான் சொல்றாங்க, எலும்பு மஜ்ஜை மாத்துனவங்க ரத்தத்துல அப்படித்தான் இருக்கும்.

அந்தப் பேரு மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அத சொல்றதுக்கு முன்னாடி நம்ம கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்.

யாளிக்கும் இந்த மீனுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, கிரேக்க கிமேராவுக்கும் யாளிக்கும் நேரடி சம்பந்தம் இருக்குன்னும் சொல்ல முடியாது. ஆனா கலப்பு உருவம்னா நம்ம காவிரிக்கரை ஒண்ணும் சளைச்சது இல்ல. சோழர் கோயில் எதுக்குப் போனாலும் அடித்தளத்த சுத்தி யாளி வரிசை ஓடும், அது மூலையில போய் முடியுற எடத்துல மகரத்தலை வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும், பல எடத்துல அந்த வாய்க்குள்ளேருந்து ஒரு வீரன் வெளிய வருவான். சிதம்பரத்துல புலிக்கால் முனிவர், பாம்பு ஒடம்போட பதஞ்சலி. கும்பகோணம் பக்கத்துல திருபுவனத்துல பாதி சிங்கம் பாதி பறவையா சரபேஸ்வரர், ஞாயித்துக்கிழமை எவ்ளோ கூட்டம். தாராசுரத்துல இரண்டாம் இராஜராஜன் கட்டுன கோயில்ல ரிஷபகுஞ்சரம்னு ஒரு சின்ன சிற்பம், காளையும் யானையும் ஒட்டி நிக்கும், தலை ஒண்ணுதான், இந்தப் பக்கத்து ஒடம்ப கையால மறைச்சா காளை, அந்தப் பக்கத்த மறைச்சா யானை. எங்க வீட்டுப் பசங்கள கூட்டிக்கிட்டுப் போனப்போ அது முன்னாடிதான் அரை மணி நேரம் நின்னாங்க.

ஒரு விஷயத்த கவனிச்சுப் பாருங்க. அங்க கிமேரா கொல்லப்பட வேண்டிய மிருகம், அத கொன்னவன்தான் வீரன். இங்க யாளி வாசலுக்குக் காவல், மகரம் தெய்வத்துக்கு மேல தோரணம், சரபர் கும்புடுற சாமி. ஒரு தமிழர் கைக்கு மொதல்ல இந்த மீன் கெடைச்சு பேரு வெச்சிருந்தா நிச்சயமா ராட்சசன்னு வெச்சிருக்க மாட்டாருன்னு நான் நம்புறேன்.

மகரத்தப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். மகரம்னா முதலை வாய், யானைத் தும்பிக்கை, மீன் ஒடம்பு, மயில் தோகை மாதிரி வாலு. தமிழ்ல மகரத்த சுறான்னும் சொல்வாங்க, தூய தமிழ் மாசப் பேருல தை மாசம் சுறவம், மன்மதனோட மகரக்கொடி சுறவக்கொடி. சுறாவுக்கு தும்பிக்கை வெச்சா எப்படி இருக்கும்? மேல சொன்னேனே அந்த யானை மீன், கேலோரிங்கஸ், அச்சு அசலா அதுதான், மடிஞ்ச தும்பிக்கைய மண்ணுல விட்டு உழுது மட்டி தேடும். மொத மொதல்ல அந்தப் படத்தப் பாத்தப்போ தஞ்சாவூர் பெரிய கோயில் மகர தோரணம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. ஆனா இத வெச்சு "சோழர்கள் ஆழ்கடல் மீனை அறிந்திருந்தார்கள்" ன்னு ஒருத்தர் வீடியோ போட்டுடுவாரோன்னு பயமா இருக்கு, அதனால சொல்லிடுறேன், யானை மீன் இருக்குறது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, தென்னமெரிக்கான்னு தெக்குப் பக்கத்துக் குளிர்ந்த கடல்ல மட்டும்தான். நம்ம சிற்பி அத பாத்திருக்க வழியே இல்ல. அவரு முதலையையும் யானையையும் தெனம் பாத்தவரு, அது ரெண்டையும் மனசுல கலந்தாரு. அந்தக் கற்பனையே பெருசு, அதுக்கு மேல ஆதாரம் தேடி ஒட்ட வைக்க வேண்டியதில்ல.

இப்ப என் வருத்தத்துக்கு வர்றேன். ஒட்டுப்போட்டதுன்னா என்ன, மொதல்ல துண்டுங்க இருக்கணும், அப்புறம் யாரோ அத சேக்கணும். ஆனா இந்த மீன் பிரிஞ்சு வந்த காலத்த யோசிங்க, 40 கோடி வருஷம். அப்ப பூமியில முயல் இல்ல, எலி இல்ல, யானை இல்ல, பூனை இல்ல, டைனோசரே வரல, டைனோசர் வர்றதுக்கு இன்னும் ஒரு 16, 17 கோடி வருஷம் பாக்கி. தென்னாப்பிரிக்காவுல கரூங்குற எடத்துல கெடைச்ச 28 கோடி வருஷத்து மண்டையோட்டுக் கல்ல ஸ்கேன் பண்ணி 2017ல வெளியிட்டாங்க, வெளிய பாக்க பழைய சுறா மாதிரி, உள்ள மூளை இருந்த கூடும் காதுக் குழாயும் கிமேராவோடது. வட்டமா சுருண்ட ரம்பம் மாதிரி பல்லு வெச்சிருந்த ஹெலிகோப்ரியான்னு ஒரு பூதாகரமான மீனு, அத ரொம்ப காலம் சுறான்னு நெனைச்சாங்க, அதுவும் இந்த வம்சத்துக்கு நெருங்குன சொந்தம்னு 2013ல ஸ்கேன்ல தெரிஞ்சுச்சு. அதாவது இது எதையும் பாத்து ஒட்டுனது இல்ல, இது ஒரே முழு உருவம், மொதல்லேருந்தே இப்படித்தான், முயல் பல்ல இது வாங்கல, ரொம்ப ரொம்பப் பின்னாடி வந்த முயலுக்கும் அதே மாதிரி வளந்துக்கிட்டே இருக்குற பல்லு தனியா அமைஞ்சுச்சு. வயசுல மூத்தவர் மூஞ்சியப் பாத்து "பேரன் ஜாடை அப்படியே இருக்கு" ன்னு சொல்ற மாதிரிதான் நாம இத முயல் மாதிரி எலி மாதிரின்னு சொல்றது.

அந்த வயசு ஜீன்லயே தெரியுது. யானை மீனோட முழு ஜீனோம, அதாவது மொத்த ஜீன் தொகுப்ப, 2014ல சிங்கப்பூர்ல பைரப்பா வெங்கடேஷ் தலைமையில படிச்சு முடிச்சாங்க. அதுவரைக்கும் படிச்ச முதுகெலும்புள்ள உயிருங்க எல்லாத்துலயும் ரொம்ப மெதுவா மாறுன ஜீனோம் இதோடதுதான், வாழும் புதைபடிவம்னு பேரெடுத்த சீலக்காந்த் மீனவிட மெதுவு. மனுஷ ஜீனோம்ல மூணுல ஒரு பங்கு அளவுதான், அதனால ஆராய்ச்சிக்கும் சுலபம். அதுல கண்டுபிடிச்சதுல முக்கியமானது, எலும்பு கெட்டிப்படத் தேவையான ஒரு ஜீன் கூட்டம் இதுக்கு இல்ல. அந்தக் கூட்டத்துல ஒண்ண சோதனைக்காக வரிக்குதிரை மீன்ல முடக்கிப் பாத்தப்போ அதுக்கும் எலும்பு சரியா உருவாகல. நமக்கு எலும்பு எப்படி வந்துச்சுங்குற கேள்விக்கு பதில் தேட எலும்பே இல்லாத இந்த மீன்தான் ஒதவுச்சு. இதப் போய் ராட்சசன்னும் பேய்னும் சுனாமி கொண்டாற தரித்திரம்னும் சொன்னா மனசு கேக்குமா.

இன்னும் நமக்கு தெரியாம எவ்ளோ இருக்குன்னு பாருங்க, கூர்மூக்கு நீல கிமேரான்னு ஒண்ணு, நியூசிலாந்து ஆஸ்திரேலியா பக்கம் மட்டும்தான் இருக்குன்னு நெனைச்சாங்க, 2009ல கலிஃபோர்னியா பக்கம் ஆழத்துல விட்ட ரோபோ கேமராவுல அது தானா வந்து லென்ஸ முட்டி பாத்துட்டுப் போச்சு, அது இந்த இனமாத்தான் இருக்கணும்னு வெளியிட 2016 ஆயிடுச்சு. 2024ல நியூசிலாந்துல ஒரு புது இனத்துக்கு ஹாரியோட்டா ஏவியான்னு பேரு வெச்சாங்க, ஏவியான்னா லத்தீன்ல பாட்டி, கண்டுபிடிச்ச அம்மா தன் பாட்டி நெனைவா வெச்சது. மான்ஸ்ட்ரோசாவுலேருந்து பாட்டிக்கு வர 266 வருஷம் ஆச்சு. எனக்கு அது நெறவா இருந்துச்சு.

பயப்பட வேண்டியது மீனுக்காக. இது கூட்டங்கூட்டமா பெருகுற மத்தி, நெத்திலி இல்ல. வளர வருஷக்கணக்கு ஆகும், தோல் மாதிரி ஒரு கூட்டுக்குள்ள ஒவ்வொரு முட்டையா ஜோடி ஜோடியா கடல் தரையில விடும், குஞ்சு வெளிய வர ஆறு மாசத்துலேருந்து ஒரு வருஷம். கரையில மீன் கொறைய கொறைய வலை ஆழத்துக்குப் போகுது, ஆழ்கடல் சுறாவோட ஈரல் எண்ணெய்க்கு சந்தை இருக்கு, இதுக்கும் ஈரல் பெருசு, அதனால தானா மாட்டுனாலும் தூக்கி எறிய மாட்டாங்க. அவ்ளோ ஆழத்துலேருந்து மேல வர்றதுக்குள்ள அதுக்கு உயிர் ஊசலாடிடும், திருப்பி விட்டாலும் பொழைக்கிறது கஷ்டம். நம்ம ஊருலயே கண் முன்னாடி ஒண்ணு நடந்துச்சே, வேளா மீன், மூக்குல ரம்பம் இருக்குமே, எங்க தாத்தா காலத்துல வலையில வந்தா ஊரே கூடிப் பாக்குமாம், 2001ல சட்டத்துல சேத்து பாதுகாக்கிற நெலம வந்துடுச்சு, இன்னிக்கு எங்க பசங்களுக்கு அது படத்துலதான் தெரியும். பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் "சினைச்சுறவின் கோடு நட்டு" சாமி கும்புட்டாங்கன்னு வருது, அன்னிக்குக் கடலுக்குப் போகாம இருந்தாங்கன்னும் வருது. சினையா இருந்த சுறாவோட கொம்ப நட்டு அதுல தெய்வத்த எறக்கி கும்புட்ட கூட்டத்துல வந்தவங்க நாம, கடல்லேருந்து வந்த ஒரு உசுரப் பாத்து அபசகுனம்னு சொல்ற பழக்கம் நமக்கு எங்கேருந்து வந்துச்சுன்னே எனக்குப் புரியல.

தம்பி, ஒருவேளை நெஜமாவே நம்ம பக்கம் ஏலக்கூடத்துலயோ ஏதாவது போட்டுலயோ இந்த மாதிரி ஒண்ணப் பாத்தீங்கன்னா மொதல்ல முதுகுத் துடுப்புக்கு முன்னாடி நிக்குற முள்ளுல கை வெச்சுடாதீங்க, விஷம் உண்டு, உசுருக்கு ஆபத்துன்னு பெருசா இல்ல ஆனா கெளுத்தி முள்ளு குத்துனவங்களுக்கு அந்தக் கடுப்பு எப்படின்னு தெரியும், அந்த ஜாதி வலி. தரையில பக்கவாட்டா கெடத்தி, பக்கத்துல ஒரு ஸ்கேலோ தீப்பெட்டியோ வெச்சு, முழு மீனும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ, மூஞ்சி தனியா ஒண்ணு, வாலுக்கு அடியில ஒண்ணு எடுங்க. வாலு நூலு மாதிரி சீக்கிரம் அறுந்துடும், பாத்து. எந்த எடத்துல, எத்தன பாகம் (மீனவங்க கடல் ஆழம் அளக்குற கணக்கு) ஆழத்துல வலை போட்டாங்கன்னு படகு ஓட்டுற ஸ்ராங்க கிட்ட கேட்டு அன்னிக்கே எழுதி வெச்சுக்குங்க, மறுநாள் கேட்டா ஞாபகம் இருக்காது. நெத்தியில அந்தக் கொக்கி இருக்கான்னு பாருங்க, இருந்தா ஆணு. முடிஞ்சா ஐஸ்ல போட்டு வெச்சுட்டு பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்துக்கோ மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கோ சொல்லுங்க, எனக்கும் ஒரு படம் அனுப்புங்க, நடுராத்திரியா இருந்தாலும் பரவால்ல, நான் பாத்துடுவேன்.